கடைசி ஆள் வெளியே வரும் வரை

தீயே பிடிக்காத கட்டடத்திலிருந்து ஆட்கள் உயிருக்குப் பயந்து ஓடிவர ஆரம்பித்தது, பல்கலைக்கழகக் கணினி மையத்துக்கு மூன்றாவது இயந்திரம் வந்த வருஷம். முதல் இயந்திரம் நட்சத்திரங்களைக் கணக்கிட்டு முடித்துப் பழைய இரும்பாகப் போனது. இரண்டாவது காற்றையும் மழையையும் கணக்கிட்டது. பாதி நாள் பழுதில் கிடந்தது. மூன்றாவதுதான் பெரியது. ஆள் உயரப் பெட்டிகள் வரிசையாக நின்று இரையும். அந்த அறைக்குள் யாராவது பேசினால் வாய் அசைவது மட்டும்தான் தெரியும். கட்டடத்துறை ஆராய்ச்சிக்காரர் ஒருவர் அதில் ஒரு கணக்கை ஓட்டினார். இந்த மையத்திலேயே தீப்பிடித்தால் யார் எப்படித் தப்புவார்கள் என்பது கணக்கு. நுனிப்புல் மேயத் தெரியாத மனுஷர். மையத்து ஊழியர்கள் ஒருவர் விடாமல் பிடித்து வயசு, எடை, நடைவேகம், மூட்டுவலி, மூச்சிரைப்பு எல்லாம் கேட்டு உள்ளே போட்டார்.

கணக்கு ஓடத் தொடங்கிய மதியம் மாடிப்படியில் புகை வாசனை வந்தது. பின்னாலேயே ஊழியர்கள் தடதடவென்று ஓடிவந்தார்கள். ஊழியர்களோ அவரவர் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குமாஸ்தா தன்னுடைய முதுகே தன்னைத் தாண்டிப் படியிறங்கி ஓடுவதைப் பார்த்து, வழுக்கை இவ்வளவு தூரம் வந்துவிட்டதா என்று வருத்தப்பட்டார். ஓடியவர்கள் வெளிவாசலைத் தாண்டியதும் ஆவி மாதிரிக் கலைந்துபோனார்கள். அதோடு முடிந்திருந்தால் வேடிக்கை என்று விட்டிருக்கலாம். எல்லாரும் போன பிறகு இயந்திர அறைக்குள் யாரோ இருமினார்கள். ஒரு காலை இழுத்து இழுத்துக் கதவை நோக்கி வந்தார்கள். கதவை எட்டுவதற்குள் சத்தம் அறுந்தது, புகையும் நின்றது. மறுநாளும் அதே மாதிரி, அதற்கு மறுநாளும் அதே மாதிரி. கணக்கை ஓட்டக் கொடுத்த அனுமதியைத் திரும்ப வாங்க வழியில்லை என்று இயக்குநர் கைவிரித்துவிட்டார்.

ஒருவர் தவிர மற்ற எல்லாரும் தங்களைத் தாங்களே பார்த்துவிட்டார்கள். அந்த ஒருவர் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டரம்மா. இடது முழங்காலில் வலி, மாடிப்படி ஏறினால் மூட்டு சொடக்குப் போடும். அவளுக்கு மையத்தில் கத்திரி என்று பெயர். இயந்திரத்துக்காக வரிசையில் நிற்பவர்கள் அநேகம் பேர் என்பதால் ஒவ்வொரு கணக்குக்கும் இவ்வளவு நேரம்தான் என்று வரம்பு உண்டு. வரம்பு முடிந்தால் கணக்கு எந்த நிலையில் இருந்தாலும் வெட்டிவிடுவாள். பெரிய பெரிய பேராசிரியர்கள் கெஞ்சியும் ஒரு நிமிஷம் கூட்டித் தந்ததில்லை. அப்படிப்பட்டவளைப் பார்த்தால் இப்போது எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். தேநீர் கொண்டுவந்தவன் கேட்காமலே ஒரு கரண்டி சர்க்கரை கூடப் போட்டான். அவள் அந்தத் தேநீரைத் தொடாமலே திருப்பி அனுப்பினாள்.

வீட்டில் சோறு இறங்கவில்லை. வேலையை விட்டுவிடு என்று கணவர் மன்றாடினார்.

"நீ எரிஞ்சு போறதை நீயே தினம் உக்காந்து கேக்கணுமா?"

"நான் விட்டுட்டா உள்ள இருக்கறவ வெளிய வந்துடுவாளா?"

அவர் மோர்ச் சொம்பை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

ஆராய்ச்சிக்காரர் தன் முடிவை எழுதி முடிக்கும் தறுவாயில் இருந்தார். தீ விபத்தில் ஒருவர் மட்டும் தப்புவதில்லை என்று எழுதி வைத்திருந்ததால் அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார். அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"அவ செத்துட்டாளா, இல்ல வந்துட்டிருக்காளா?"

அவர் திரையைப் பார்த்தார். "வந்துட்டுதான் இருக்காங்க மேடம். மெதுவா வராங்க. அதுக்குள்ள கணக்கு வெட்டுப்பட்டுடுது."

"யார் வெட்டறது?"

பக்கத்து மேசையிலிருந்து குமாஸ்தாதான் தலையை நிமிர்த்தாமல் சொன்னார். "வேற யாரு? கத்திரிதான்."

மறுநாள் அந்தக் கணக்குக்கு மட்டும் அவள் வரம்பை எடுத்துவிட்டாள். வரிசையில் நின்றவர்கள் குதித்தார்கள். குதிக்கட்டும் என்று இயந்திர அறையின் கதவருகே போய் நின்றாள். கருகிய முகம் ஒன்று வந்தால் அதை எப்படிப் பார்ப்பது என்று நினைத்தபடி கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். புகை வந்தது. ஊழியர்கள் ஓடிக் கலைந்தார்கள். இருமல் கேட்டது, கால் இழுபட்டது. எப்போதும் அறுந்துபோகும் இடம் வந்தது, அறவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு மூட்டு சொடக்குப் போட்டது, அவள் மூட்டு போடுகிற அதே சொடக்கு. கைப்பிடி தானாகத் திரும்பியது. புகையேறிய உடையோடு, மூக்குக்கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இப்பத்தான் மனசு வந்துச்சாடி உனக்கு?"

ஆபரேட்டரம்மா குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். வந்தவள் படியிறங்கி வெளிவாசல் வரை போனாள். ஒரு காலைத் தூக்கினாள், மற்றவர்கள் கலைந்த இடத்தைப் பார்த்தாள், தூக்கிய காலைத் திரும்ப உள்ளேயே வைத்துக்கொண்டாள். அதனால் கடைசி ஆள் இன்னும் வெளியேறவில்லை, கணக்கும் முடியவில்லை. மையத்தில் புகை வாசனையும் அன்றிலிருந்து போகவில்லை, புதிதாக வருபவர்கள் வேண்டுமானால் மூக்கைச் சுளிப்பார்கள்.

நான்காவது இயந்திரம் வந்தது, ஐந்தாவது வந்தது. மூன்றாவதை அணைக்கச் சொல்லி உத்தரவு வந்தபோதெல்லாம் ஆபரேட்டரம்மா அதன் மின்பெட்டிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். பிறகு அவள் தலை நரைத்து ஓய்வு பெற்று வீட்டுக்குப் போனாள். அன்று வாசலைத் தாண்டாமல் நின்ற நரைக்காதவள் அந்த வேலைக்கு வந்தாள். ஆள் எடுக்கும் செலவு மிச்சம் என்று இயக்குநர் ஒப்புக்கொண்டார். இவளும் வரம்பு முடிந்தால் வெட்டிவிடுவாள், தயவு தாட்சண்யம் கிடையாது. மையத்தின் வரலாற்றில் மூன்றாவது இயந்திரத்துக்கு நேராக, ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது என்று மட்டும் போட்டிருக்கிறது. மின்சாரம் போய் வரும் நேரத்தில் எல்லாரும் வேலையை அப்படியே விட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் நாற்காலியைப் பார்ப்பார்கள். அவள் தன் கையைப் பார்ப்பாள். கை கலையாமல் இருக்கும். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அடுத்து யாருக்கு நேரம் முடிகிறது என்று கேட்பாள்.