லோகநாதன், பினாங்கு

தன் தகரப் பெட்டியைத் திறக்காமல் தன்னோடு குழியில் வைத்துவிட வேண்டும் என்று நைனா சொன்னபோது, வரலட்சுமி அவர் வாயில் கஞ்சித் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். "பிரிக்காத. அப்டியே போட்டுடு" என்று இரண்டு தடவை சொன்னார். பத்து மணிக்கெல்லாம் உயிர் போய்விட்டது.

டோல்கேட் பக்கத்து அந்த வீட்டில் மூன்றே பேர். நைனா லோகநாதன், மகள் வரலட்சுமி, நைனாவின் தங்கை மங்கை. தாயில்லாத பெண்ணைத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியது மங்கை அத்தைதான்.

அத்தை அண்ணனின் வலது கையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். முழங்கையில் பழைய வெட்டுத் தழும்பு இருந்தது.

"உங்க மாமாவுக்கும் இதே எடத்துலதான்டி. நாந்தான் மஞ்சப் பத்து போட்டேன்."

வீட்டுக்குள் எல்லோருக்கும் தெரிந்து, வாசலுக்கு வெளியே யாருக்கும் தெரியாத கதை அது. நைனா முன்பு பினாங்கு ரப்பர் தோட்டத்தில் இருந்து திரும்பியவர். மறுபடி போக அவரிடம் அனுமதிச் சீட்டு இருந்தது. ரப்பர் விலை விழுந்து, புது ஆட்களுக்குச் சீட்டு கிடையாது என்றாகிவிட்ட சமயம். அத்தையின் புருஷன் பொன்னுரங்கம் வேலையில்லாமல் பேஜாராகி நின்றார். நைனா தன் சீட்டைக் கொடுத்தார். வலது முழங்கையில் தழும்பு என்று ஆளின் அடையாளம் அதில் எழுதியிருந்ததால், நைனாவே கத்தியைச் சுட்டு மச்சானின் முழங்கையில் கீறினார். காயம் ஆறியதும், முப்பத்தொன்றாம் வருஷம் தை மாதம், மாமா கப்பலேறினார். துறைமுகப் புத்தகத்தில் போனவர் பெயர் லோகநாதன் என்று ஏறியது.

இரண்டு கடிதம் வந்தது. பிறகு நான்கு வருடமாக ஒன்றுமில்லை.

வாசலில் பாடை கட்டிக்கொண்டிருந்த பரசுராமன் உள்ளே எட்டிப் பார்த்தார். துறைமுகத்தில் நைனாவோடு மூட்டை இறக்கியவர்.

"பாப்பா, நைனாவோட பித்தள வில்ல எங்க கீது? ஆபீஸ்ல திருப்பிக் குடுக்கணுமாம்."

வேலைக்காரருக்குத் தரும் நம்பர் வில்லை அது. மாடத்தில் இல்லை, சட்டைப் பையிலும் இல்லை. மிச்சம் இருந்தது பெட்டிதான். வரலட்சுமி அதைச் சமையலறைக்குக் கொண்டுபோய்த் திறந்தாள்.

வில்லை மேலேயே இருந்தது. அதன் கீழே, கயிறு போட்டுக் கட்டிய ஒரு கடிதக் கட்டு. உறைகளின் மேல் அவளுடைய கையெழுத்தே இருந்தது. நான்கு மூலையிலும் அத்தை தடவிய மஞ்சள். அத்தை சொல்லச் சொல்ல இவள் எழுதி, தபாலில் போட நைனாவிடம் கொடுத்த கடிதங்கள். எல்லா உறையிலும் 'லோகநாதன், பினாங்கு' என்று விலாசம். நைனா பெயருக்கே கடுதாசி எழுதுகிறோமே என்று முதன்முதலில் எழுதியபோது அவள் சிரித்ததுண்டு.

கட்டுக்கு அடியில், மஞ்சள் இல்லாத ஒரு காகிதம் மடித்துக் கிடந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து, தமிழில் எழுதி முத்திரை வைத்தது. லோகநாதன், வலது முழங்கையில் தழும்பு உள்ளவர், 1931 ஆகஸ்டு மாதம் காய்ச்சலில் காலமானார். உறவினருக்குத் தெரிவிக்கப்படுகிறது.

அவள் தேதியை மறுபடி படித்தாள். நான்கு வருடமாக, செத்துப்போனதாகப் புத்தகத்தில் ஏறிய நைனா தினமும் துறைமுகச் சங்கு ஊதியதும் வேலைக்குப் போய் வந்திருக்கிறார். உண்மையைச் சொன்னால் சீட்டு விஷயம் வெளியே வரும், ஜெயில், வேலை போகும். அந்தப் பயத்தில் தங்கை தாலியறுக்க வேண்டிய சேதியைப் பெட்டிக்குள் பூட்டி வைத்துவிட்டார். புத்தகத்தில் பொன்னுரங்கம் போனதும் இல்லை, வந்ததும் இல்லை, செத்ததும் இல்லை.

இன்னொன்றும் அவளுக்கு ஞாபகம் வந்தது. மனைவியை இழந்த பரசுராமன், மூன்று வருடத்துக்கு முன் அத்தையைப் பெண் கேட்டு வந்தார். புருஷன் சேதியில்லாமல் போனவளுக்கு அவர்கள் பக்கத்தில் மறு தாலி வழக்கம்தான். "புருஷன் உசுரோட கீறாரு. அங்க ஒருத்தியச் சேத்துக்கினாலும் அவருதான் என் புருஷன்" என்றாள் அத்தை. நைனா அப்போது தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நைனாவை நினைத்து அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன அவளுக்கு.

வில்லையைப் பரசுராமனிடம் கொடுத்தாள். கட்டையும் காகிதத்தையும் முந்தானைக்குள் செருகிக்கொண்டாள். பெட்டியைக் காலியாகவே மூடிப் பாடையில் வைத்தார்கள். சங்கும் தாரையும் தெருக்கோடி தாண்டிப் போகும்வரை அத்தை வாசலில் நின்றாள்.

வீடு கழுவி முடித்ததும் அத்தை வந்து உட்கார்ந்தாள்.

"மாமாவுக்கு ஒரு கடுதாசி எழுதுடி. மச்சான் பூட்டாருன்னு எழுது. இதுக்காவது வரட்டும்."

வரலட்சுமி மறுக்கத் தெரியாமல் பேனாவை எடுத்தாள். எப்போதும் போல முதலில் உறை. 'லோகநாதன்' என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. செத்தவர் பெயர், செத்தவருக்குச் செத்தவரைப் பற்றிய சேதி. இதையும் எழுதி எங்காவது ஒளித்து வைத்தால், நாளைக்குத் தன் பெட்டியையும் யாரோ திறப்பார்கள்.

"இன்னாடி, நிறுத்திட்ட?"

வரலட்சுமி முந்தானையிலிருந்து கட்டை எடுத்து அத்தையின் மடியில் வைத்தாள். அத்தைக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் மூலை மஞ்சளை விரலால் தொட்டாள். ஒவ்வொன்றாகத் தொட்டாள். மஞ்சள் இல்லாத காகிதத்துக்கு வந்ததும் விரல் அங்கேயே நின்றது.

"எப்ப?"

"நாலு வருஷம் ஆச்சு, அத்த. கப்பலேறுன வருஷம் ஆவணியிலயே."

தெருவில் யாரோ மீன் கூவிக்கொண்டு போனார்கள். வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டது. குழி மூடிவிட்டுப் பரசுராமனும் மற்றவர்களும் கால் கழுவ வந்திருந்தார்கள்.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

வரலட்சுமி ஆமென்று தலையசைத்தாள்.

"நாலு வருஷமா உங்க மாமாவ வாய்க்கு வந்தபடி ஏசிக்கினே இருந்தேன்டி" என்றாள் அத்தை. பிறகு கட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். "யார்கிட்டயும் சொல்லாத. இன்னிக்கி அண்ணன் சாவு. அவருது நாளைக்கி வெச்சிக்கலாம்."

கிணற்றடிக்குப் போய்த் தலை முழுகிவிட்டு வந்தாள். ஈரம் சொட்ட மாடத்தருகே நின்று குங்குமச் சிமிழைத் திறந்து, தினமும் வைப்பது போலவே வைத்துக்கொண்டாள். விரல் மட்டும் நெற்றியை விட்டு உடனே வரவில்லை.