மதிவதனி ஏன் குனிந்து பார்ப்பதில்லை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது குன்றத்தூர் போகும் ஷேர் ஆட்டோவில். எதிரில் இருந்த பெண் கைப்பேசியில் ஒரு கபடி ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ ஒருத்தி எதிராளியைத் தாண்டிக் குதித்து ஒற்றைக் காலில் இறங்கும் இடம். அதையே திரும்பத் திரும்ப ஓட்டினாள். ரசிக்கிறாள் என்று நினைத்தேன். பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். [அவள் பெயர்கூடத் தெரியாது. மீதியெல்லாம் நான் கட்டியது.]

2

முதல் தொடக்கம்: 'ஒரகடத்தில் ஷிப்டு விடும் நேரம், சாலை முழுக்க நீலச் சட்டைகள்…'

வேண்டாம். நேராகவே சொல்லிவிடுகிறேன்.

சுகப்பிரியா தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். ஒரகடத்தில் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. கம்பெனியின் பெண்கள் கபடி அணியில் ரெய்டர், எதிரணிக் களத்துக்குள் பாடிக்கொண்டு போகிறவள். போன வருடம் ஒரே மாதத்தில் அவளுக்கும், இன்னொரு ரெய்டரான மண்ணூர் மதிவதனிக்கும் முழங்கால் லிகமென்ட் கிழிந்தது. ஒரே டாக்டர்தான் இருவருக்கும் ஆபரேஷன் செய்தார். எட்டு மாதம் பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுத்துக் காலைத் தூக்கித் தூக்கி இறக்கினார்கள்.

ஒன்பதாம் மாதம் பிசியோ கவிப்பிரியா ஒரு கேள்வித்தாள் கொடுத்தாள். மறுபடி அடிபடும் என்று பயமா? காலைப் பற்றிய நினைப்பே இல்லாமல் ஆட முடியுமா? பயம் குறையக் குறைய மார்க் கூடும். நூற்றுக்கு மதிவதனி தொண்ணூற்று நான்கு, சுகப்பிரியா முப்பத்தெட்டு.

"முட்டி ரெண்டு பேருக்கும் நல்லாத்தான் இருக்கு சுகா. உன் மனசுதான் இன்னும் ஆபரேஷன் டேபிள்லயே படுத்திருக்கு" என்றாள் கவிப்பிரியா.

மதிவதனி களத்துக்குத் திரும்பினாள். சுகப்பிரியா ஓரத்தில் தண்ணீர் பாட்டிலோடு நின்றாள்.

3

(இவளை நல்லவளாக எழுத மூன்று முறை முயன்றேன். 'தோழியின் வெற்றி கண்டு அவள் உள்ளம்…' அந்த வாக்கியம் அதற்குமேல் நகரவில்லை.)

அவளுக்கு வயிறு எரிந்தது. மதிவதனி எடுத்த புள்ளிகளுக்காக அல்ல. குதித்து இறங்கியதும் அவள் தன் காலைக் குனிந்து பார்ப்பதே இல்லை. அந்த அலட்சியம்தான் சுகப்பிரியாவைத் தூங்கவிடவில்லை.

4

அரையிறுதிக்கு முந்தின நாள் மாலை. உடை மாற்றும் அறையில் மதிவதனி முழங்கால் பட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். சுகப்பிரியா உள்ளே வந்தாள்.

"ஏட்டி, என்னட்டி இது? முட்டு இப்படி வீங்கிக் கெடக்கு?"

"ஒண்ணியும் இல்லடி. ஐஸ் வெச்சா வத்திடும். கோச் சார்கிட்ட சொல்லிடாத."

"படியில எறங்கையில முட்டு வழுக்கி வெலகுதா?"

மதிவதனி வீங்கிய இடத்தைத் துண்டால் மூடினாள். "ரெண்டு வாட்டி."

"அப்ப அந்தத் தொண்ணூத்தி நாலு?"

"நானா போட்ட மார்க்கு. பயமா கீதுன்னு எழுதுனா டீம்ல சேத்துப்பாங்களா?"

"உனக்குப் பயமே கெடையாதுன்னுல்லா நெனச்சிட்டு இருந்தேன். காலைக் குனிஞ்சுகூடப் பாக்க மாட்டியே!"

"குனிஞ்சா அங்கயே நின்னுடுவேன்டி. அதான் பாக்கறதில்ல." பட்டையைச் சுருட்டிப் பையில் போட்டாள். "நீ போய்ச் சொன்னா வயித்தெரிச்சல்ல சொன்னேன்னுதான் எல்லாரும் பேசுவாங்க. நானும் அப்டிதான் பேசுவேன்."

சுகப்பிரியா இத்தனை நாளாகப் பொறாமைப்பட்ட தைரியம் மதிவதனியிடமும் இல்லை. ஆனாலும் பொறாமை போகவில்லை. பயந்துகொண்டே களத்துக்குப் போகிறாளே, அது தன்னால் முடியவில்லையே என்று இன்னும் கூடியது. நாளை அந்தக் கால் மறுபடி கிழிந்தால்? மனம் அதற்குள் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு காலி இடத்தில் போய் நின்றது. அதைப் பார்த்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

5

நான் எழுதிய ஒரு முடிவில் சுகப்பிரியா யாரிடமும் சொல்லவில்லை. மதிவதனி விழுந்தாள், சுகப்பிரியா ஓடிப்போய் அழுதாள். அந்த அழுகையை நானே நம்பவில்லை. அந்த முடிவை அடித்துவிட்டேன்.

ஆகவே சொன்னாள். பயிற்சியாளர் தணிகாசலத்தின் அறைக்குப் போய், "சார், மதி முட்டு வீங்கியிருக்கு, வழுக்கவும் செய்யுது. நாளைக்கு எறக்காதீய" என்றாள்.

அவர் பட்டியலை எடுத்து மதிவதனியின் பெயரை அடித்தார். பேனாவை மூடவில்லை.

"அப்ப யாரு போறது? நீ போறியா?"

'போறேன் சார்' என்றால் இதற்காகத்தான் காட்டிக்கொடுத்தாள் என்றாகிவிடும். 'முடியாது சார்' என்றால் அந்த முப்பத்தெட்டை அவளே வாயால் ஒப்புக்கொண்டதாகிவிடும். எனக்கு இரண்டையும் எழுத வரும். ஆனால் மதிவதனி கதவுக்கு வெளியே நொண்டிக்கொண்டு வந்து நின்றுவிட்டாள். அவள் காதில் விழப்போகும் வார்த்தையை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

நீங்களே சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாக.