பக்கத்து நட்சத்திரம்

சாப்பாட்டு மேஜையில் இரண்டு கேமரா. தட்டு வைக்க இடமில்லை. மூன்று நாளாக நானும் என் வீட்டுக்காரரும் சமையல் மேடையோரம் நின்றுகொண்டே சாப்பிடுகிறோம். இவர் சாப்பிடுகிறார் என்று சொல்வதே பெரிய வார்த்தை, கொறிக்கிறார். நாளைக் காலை பத்து மணிக்கு கூரியர்காரர் வருவார். இரண்டில் ஒன்றைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தாக வேண்டும். வீட்டில் எது நிற்கிறதோ, அதுதான் சனிக்கிழமை சாயங்காலம் ஏழு பதினெட்டுக்கு இவருடைய மானத்தைக் காப்பாற்றப் போகிறது, அல்லது வாங்கப் போகிறது.

விஷயம் இதுதான். வானத்தில் குறுங்கோள்கள் என்று சில பாறைகள் சுற்றுகின்றன. எப்போதாவது அதில் ஒன்று ஏதோ ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்கே போகும். நட்சத்திரம் சில நொடி அணைந்து மறுபடி எரியும். எந்த நொடியில் அணைந்தது, எந்த நொடியில் திரும்பியது என்று பல இடத்திலிருந்து கேமராவில் பிடித்து ஒன்று சேர்த்தால் பாறையின் அளவும் வடிவமும் தெரிந்துவிடும். இதற்கென்றே ஒரு குழு. தலைவி ஒரு பல் டாக்டர். பஸ் ஓட்டுகிறவர், பேக்கரிக்காரர், ஒரு தையற்காரம்மா, அப்புறம் லிஃப்ட் மெக்கானிக்கான இவர். பைத்தியத்துக்குத் தொழில் வித்தியாசம் கிடையாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே பாறை வேறொரு நட்சத்திரத்தை மறைத்தது. எங்கள் மொட்டை மாடியில் டெலஸ்கோப்பில் கேமராவை மாட்டி இவர் பதிவு செய்தார். நட்சத்திரம் நான்கு நொடி அணைந்து வந்தது. அதற்குப் பதினோரு நொடி கழித்து இன்னொரு தடவை லேசாக மங்கித் தெளிந்தது. கண் இமைக்கிற நேரம்தான். ஆனால் அதைத் திரையில் பார்த்ததும் இவர் என்னைத் தூக்கிச் சுற்றாத குறை.

"அந்தப் பாறைக்கு ஒரு நிலா இருக்குடி! குட்டி நிலா! உலகத்துலேயே முதல்ல பாத்தது நாமதான்!"

பல் டாக்டர் ஏற்றுக்கொள்ளவில்லை. நல்ல மனுஷிதான், ஆனால் பேசும்போதும் பல்லைப் பிடுங்குகிற மாதிரியே பேசுவார். "உங்க கேமராவோட பார்வை ரொம்பக் குறுகல். அந்த ஒரு நட்சத்திரம்தான் தெரியுது. பக்கத்துல இன்னொண்ணு தெரிஞ்சிருந்தா, அதுவும் மங்குச்சான்னு பாத்திருக்கலாம். ரெண்டும் சேந்து மங்கினா மேகம், பறவை, இல்ல யாராவது குறுக்க போயிருக்காங்கன்னு அர்த்தம். இதை வெச்சு நிலான்னு நான் எழுத முடியாது."

"யாரு குறுக்க போனா?" என்று ஃபோனிலேயே எகிறினார் இவர். "மாடியில நானும் என் சம்சாரமும்தான் இருந்தோம். யாரும் குறுக்க போகல. இல்லையாடி?"

நான் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலுக்குத்தான் மூன்று வருஷமாக அனுபவிக்கிறேன்.

குறுக்கே போனது நான்தான். "போச்சு... வந்துடுச்சு!" என்று இவர் கத்தியதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிட்டேன். அதற்குப் பிறகும் இரண்டு நிமிஷம் பதிவு ஓடும், நிலா கிலா இருந்தால் அப்போதுதான் மாட்டும் என்று அந்த நாளில் எனக்கு என்ன தெரியும்? கொடியில் போர்வை காய்ந்துகொண்டிருந்தது. பனி இறங்குகிறதே என்று கையை நீட்டி உருவினேன். நட்சத்திரம் தாழ இருந்தது. டெலஸ்கோப்பும் தாழத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. கொடி அதற்கு நேர் எதிரே.

அன்றே சொல்லியிருக்கலாம்தான். இவருடைய முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்தேன். மறுநாள் ஃபோன் வந்தது, நான் தலையை ஆட்டினேன், முடிந்தது. அப்புறம் ஒவ்வொரு நாளும் சொல்வதற்கு முந்தைய நாளைவிடக் கஷ்டமாகிக்கொண்டே போனது.

குழுவில் இவருக்கு 'நிலா' என்றே பேர் விழுந்துவிட்டது. என் கொழுந்தன் ஒருநாள் விளையாட்டாக, "என்னண்ணே, உன் நிலா வளருதா தேயுதா?" என்று கேட்டுவைத்தான். அவ்வளவுதான், இரண்டு வருஷமாக அண்ணன் தம்பி பேச்சு இல்லை. அந்த மங்கலின் வரைபடத்தை இவர் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருக்கிறார். பால் எடுக்கப் போனால்கூட என் கையே என்னைப் பார்க்கிறது.

இப்போது அதே பாறை மறுபடி வருகிறது. இந்த மாடிக்கு நேராக. இதை விட்டால் இன்னும் இருபத்திரண்டு வருஷம். அதனால்தான் பல் டாக்டர் மனமிரங்கி இரண்டு கேமராவை அனுப்பியிருந்தார். ஒன்றை வைத்துக்கொள்ளலாம், மற்றது பஸ் ஓட்டுகிறவருக்குப் போக வேண்டும்.

முதல் கேமரா தீப்பெட்டி அளவு. படுவேகம். நொடிக்கு நாற்பது படம் எடுக்கும், ஒவ்வொரு படத்திலும் ஜி.பி.எஸ். நேரத்தைப் பொறிக்கும், மங்கிய நட்சத்திரத்தையும் விடாது. ஆனால் அதற்கும் குறுகல் பார்வை, ஒரே நட்சத்திரம்தான் தெரியும். இரண்டாவது கேமராவுக்குக் கண் பெரியது. பக்கத்து நட்சத்திரமும் சேர்ந்து விழும். நேரத்தில் இதுவும் சுத்தம்தான், ஆனால் ஆமை. நொடிக்குப் பத்துப் படம். சின்னதன் பார்வையை அகலமாக்க ஒரு லென்ஸை மாட்டிப் பார்த்தோம். நட்சத்திரத்துக்கு வால் முளைத்ததுதான் மிச்சம்.

"சின்னதுதான் வேணும்," என்றார் இவர் புதன்கிழமை. "அந்த நிலா கால் நொடிக்கு மேல மறைக்காது. நொடிக்குப் பத்துப் படத்துல அது எந்த மூலைக்கு?" வியாழக்கிழமை விடிந்ததும், "பெரியதுதான் சரி. அந்த டாக்டரம்மா மறுபடி பக்கத்து நட்சத்திரம் எங்கேன்னு கேப்பாங்க," என்றார். மத்தியானம் மறுபடி சின்னது. மனுஷர் கன்னம் ஒட்டிப்போய், ஷேவ் செய்யாமல், இரண்டு கேமராவையும் மாறி மாறித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னால முடியலடி. நீ சொல்லு," என்றார் சாயங்காலம்.

"சின்னது," என்றேன். யோசிக்கவே இல்லை.

ஏன் சொன்னேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒரே ஒரு நட்சத்திரம் தெரிகிற கேமரா எதையும் முடித்துவைக்காது. மங்கினாலும் சந்தேகம், மங்காவிட்டாலும் சந்தேகம். அந்தச் சந்தேகத்துக்குள் நான் பதுங்கிக்கொள்ளலாம். எவ்வளவு கேவலமான புத்தி!

இவர் பெரிய கேமராவைப் பெட்டிக்குள் வைத்து டேப்பைக் கிழித்தார். கிழித்துக்கொண்டே, "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். என்னை நம்புற ஒரே ஆள் நீதான்," என்றார்.

நான் பெட்டியைப் பிடுங்கினேன். "வேண்டாம். இது இருக்கட்டும். சின்னதை அனுப்புங்க."

"இப்பதானே சின்னதுன்னே?"

"தப்பா சொல்லிட்டேன். எங்க லேப்ல ஒரு ரத்தத்தைச் சோதிச்சா, ஏற்கெனவே தெரிஞ்ச ஒண்ணையும் கூடவே வெச்சுச் சோதிப்போம். அது இல்லாம வர்ற ரிசல்ட்டுல நான் கையெழுத்துப் போட மாட்டேன். உங்களுக்கு மட்டும் எதுக்கு போடணும்?"

"அப்ப நீயும் என்னை நம்பல."

"நம்புறேனா இல்லையாங்கறது இல்ல. எனக்கு நிஜம் தெரியணும்." இவர் என்னை வினோதமாகப் பார்த்தார். அப்புறம் சின்ன கேமராவை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார்.

சனிக்கிழமை ஆறு மணிக்கே மாடியில் இருந்தோம். துணிக்கொடியைக் காலையிலேயே நான் அவிழ்த்துச் சுருட்டிவிட்டேன். ஏன் என்று இவர் கேட்கவில்லை. திரையில் இரண்டு புள்ளி. கீழே இரண்டு கோடு, மேலே எங்கள் நட்சத்திரத்தின் வெளிச்சம், அடியில் பக்கத்து நட்சத்திரத்தின் வெளிச்சம், ஓட ஓடக் கம்ப்யூட்டர் தானே வரைந்துகொண்டிருந்தது. நான் டெலஸ்கோப்புக்குப் பின்னால், கைகள் இரண்டையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றேன்.

ஏழு பதினெட்டு, நாற்பத்திரண்டாவது நொடியில் மேல் கோடு அறுந்து விழுந்தது. நான்கு நொடி. மறுபடி எழுந்தது. இவர் கத்தவில்லை. உதடு மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது. ஏழு, எட்டு, ஒன்பது. பதினொன்று. கோடு அசையவில்லை. இருபது. நாற்பது. ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். இரண்டு கோடும் தண்டவாளமாகப் போய்க்கொண்டே இருந்தன.

"அந்தப் பக்கம் இருக்கு," என்றார் கடைசியில். "பாறைக்கு மேலயோ கீழயோ சுத்திட்டு இருக்கும். இன்னைக்கு நம்ம வழியில வரல, அவ்வளவுதானே? இல்லைன்னு ஆயிடாது." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இருபத்திரண்டு வருஷம். எனக்கு எழுபத்து மூணு ஆகும். இருப்பேன்ல? இருந்து பாத்துட்டுத்தான் போவேன்."

கெஞ்சுகிற குரல் அது. என்னிடம் இல்லை, யாரிடம் என்று தெரியவில்லை. என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. நான் நடந்துபோய் டெலஸ்கோப்புக்கு முன்னால் நின்றேன். கையை நீட்டி, போர்வையை உருவுகிற மாதிரி ஒரு இழு இழுத்தேன்.

"ஏய், பதிவு ஓடிட்டு இருக்கு! என்ன பண்..."

குரல் அங்கேயே நின்றது. திரும்பிப் பார்த்தேன். இரண்டு கோட்டிலும் ஒரே இடத்தில் பள்ளம். இறங்குகிற பக்கம் சரிவு, ஏறுகிற பக்கம் செங்குத்து. ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கிற அதே வடிவம், அதை இவரைவிட நன்றாக அறிந்தவர் உலகத்தில் கிடையாது.

"போர்வை எடுத்தேன்," என்றேன். "அன்னைக்கு. முடிஞ்சிடுச்சுன்னு நெனச்சேன்."

இவர் திரையில் அந்தப் பள்ளத்தைப் பெரிதாக்கினார். நாலு திட்டு திட்டினால் காலில் விழுந்துவிடலாம் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"இன்னொரு தடவை பண்ணு," என்றார்.

செய்தேன். நேரத்தைக் குறித்துக்கொண்டார். "இப்ப கொஞ்சம் வேகமா." செய்தேன். "இன்னும் மேல." ஆறு தடவை. ஆறாவது தடவை எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அழாதே, கை ஆடுது," என்றார்.

"எப்பலேர்ந்து தெரியும்?" என்று கேட்டார் இவர்.

"அன்னைக்கு நீங்க திரையில காட்டினப்பவே."

"போன வருஷம் தம்பி மாடிப்படி வரைக்கும் வந்து கூப்பிட்டான். நான் கதவைத் திறக்கல."

"தெரியும்."

"நீ சமையலறையிலதான் இருந்தே."

"இருந்தேன்."

இவர் பேனாவை மூடினார், மறுபடி திறந்தார். "அன்னைக்கே சொல்லியிருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பேன்டி," என்றார்.

நிஜம்தான். சிரித்திருப்பார். தம்பிக்கு ஃபோன் போட்டுச் சொல்லி அவனையும் சிரிக்கவைத்திருப்பார். அந்த நாளோடு போயிருக்கும்.

நான் டெலஸ்கோப்புக்கு முன்னால் அப்படியே நின்றேன். அறிக்கைக்குப் பத்துத் தடவையாவது வேண்டும், இன்னும் நாலு பாக்கி, கையைத் தூக்கு என்றார்.