பேர் போடாத கேள்வி

...சிரிக்கிறார்களே, வயிறு குலுங்கச் சிரிக்கிறார்களே, இவர்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் வானத்திலிருந்தா குதித்தன என்று நான்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது, டிபன்பாக்ஸில் கத்தரிக்காய் வெஞ்சனம் தொடாமலே ஆறிப்போயிருந்தது, நாளைக்கு எய்ட்ஸ் பற்றிப் பேச நர்சம்மா வருகிறார், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பேர் போடாமல் கேள்வி எழுதிப் பெட்டியில் போடுங்கள் என்று சொன்னதே இவர்கள்தான், இப்போது அசிங்கமானதைப் பொறுக்கி எடுக்கிறோம் என்று ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து பூட்டைத் திறந்து உரக்கப் படிக்கிறார்கள்... எது அசிங்கம்? மாதவிலக்கு ஏன் இப்படி வலிக்கிறது என்று ஒரு பிள்ளை கேட்டதா, அதை இளித்துக்கொண்டே படிக்கும் பிராங்கிளின் சாரின் வாயா? "ஏங்க, இதைக் கேளுங்க," என்று அவர் அடுத்த சீட்டைப் பிரித்தார். அப்பாவுக்கு எச்.ஐ.வி., அவர் சாப்பிட்ட தட்டில் நான் சாப்பிடலாமா, அம்மா கூடாது என்கிறார், அப்பா அழுகிறார்... சிரிப்பு நின்றது. ஆனந்தி டீச்சர் சீட்டை இரண்டு விரல் நுனியில் வாங்கிப் பார்த்து மேசையில் போட்டாள், கைப்பையைத் திறந்தாள், சானிடைசரை எடுத்து உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்தாள்... காகிதத்துக்கு! பத்து வருஷமாக அறிவியல் நடத்துகிறவள், தொட்டால் பரவாது, சேர்ந்து சாப்பிட்டால் பரவாது என்று பிள்ளைகள் எழுதினால் முழு மார்க் போடுகிறவள்! சீ, என்ன ஜென்மங்கள்.

"தமிழம்மாவுக்குத் தெரியாத எழுத்தா? சொல்லுங்க நான்சி டீச்சர், யாரு அது?" என்றார் பிராங்கிளின் சார். தெரிஞ்சா என்ன சார் செய்வீங்க என்று கேட்டாள். "என்ன செய்ய, ஹெச்.எம். காதுல போட்டு நைசா டீசியைக் குடுத்துர வேண்டியதுதான். இம்புட்டுப் பிள்ளைக இருக்கிற எடம்ல?" தெரியும், பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது, கொம்பைச் சுழித்து வரிக்கு வெளியே விடும் எழுத்து, ஒட்டன்சத்திரம் பஸ்ஸில் வருகிற பெனிட்டா... போன வருஷம் அவள் அப்பா வந்தாரே, உள்ளே வாங்க என்று எத்தனை தடவை கூப்பிட்டும் வாசலிலேயே நின்று, "எம்புள்ள நல்லாப் படிக்குதுங்களா டீச்சர்" என்றாரே, கூச்ச சுபாவம் என்று நினைத்தேனே, கூச்சமா அது? "எனக்குத் தெரியல சார், எல்லாம் ஒண்ணுபோலத்தான் கிறுக்குதுக," என்று சீட்டை எடுத்து மடித்துப் பர்ஸில் வைத்தாள். ஆனந்தி முகத்தைச் சுளித்தாள். "அதையா உள்ள வைக்கிறீங்க?" ஆமா, நாளைக்கு நர்சம்மாகிட்ட நானே கேக்கப் போறேன் என்றபோது அவளுக்கே தன் குரல் பிடித்திருந்தது.

பெல் அடித்து வகுப்புக்குப் போகும்போதுகூட அந்தத் தெம்பு இருந்தது, நாளைவரை எதற்கு, கட்டுரை நோட்டைக் காட்ட வரும்போது யார் காதிலும் விழாமல் சொல்லிவிடலாம், சாப்பிடலாம்மா, அப்பாவோட ஒரே தட்டில் தாராளமாச் சாப்பிடலாம்... பெனிட்டா வந்தாள், நோட்டை நீட்டினாள். நான்சி முதல் பக்கத்தில் டிக் போட்டாள், பக்கத்தைப் புரட்ட, இருபது வருஷப் பழக்கத்தில் கட்டைவிரல் நாக்கை நோக்கிப் போனது, போன விரல் உதட்டருகே நின்றது... ஏன் நின்றது? அவளுக்கு இல்லையே, அப்பாவுக்குத்தானே, அவளுக்கே இருந்தாலும் இந்தத் தாளில் என்ன, தெரியுமே, எல்லாம் தெரியுமே, பிறகு ஏன்... பெனிட்டா நோட்டைப் பார்க்கவில்லை. டீச்சரின் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.