கிரேனில் இறங்கிய பறவை

சைட்டில் எல்லோரும் அவரை 'ஒசரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் என்னவோ குள்ளம். கட்டிக்கொண்டிருக்கும் மாடிகளுக்கெல்லாம் மேலே, கிரேன் கேபினுக்குள் பொழுதெல்லாம் உட்கார்ந்திருப்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். கீழேயிருந்து சிக்னல்காரர் வாக்கிடாக்கியில் சொல்லச் சொல்ல, கம்பிக்கட்டையும் கான்கிரீட் வாளியையும் தூக்கி வைப்பது வேலை. வெடுக்கென்று எதையும் இழுக்கக் கூடாது, சட்டென்று எதையும் நிறுத்தக் கூடாது. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. டம்ளரைக் கீழே வைத்தால்கூடச் சத்தம் வராது. "உங்களோட ஒரு சண்டை கூட முழுசா போட முடியல" என்பது அவர் மனைவியின் தீராத குறை.

ஒரு நாள் காற்று கூடிப்போய் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். இறங்கலாம் என்று அவர் பையை எடுத்தபோது, கேபினுக்கு வெளியே இரும்புச் சட்டத்தில் ஒரு பறவை ஒண்டிக்கொண்டிருந்தது. சாம்பல் உடம்பு, மஞ்சள் தலை, தலையில் சீப்பு வைத்து நிமிர்த்திவிட்ட மாதிரி ஒரு கொண்டை, இரண்டு கன்னத்திலும் ஆரஞ்சுப் பொட்டு. காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. அவர் கதவைத் திறந்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பறவை கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு தன் வீட்டுக்குள் வருகிற மாதிரி நடந்தே உள்ளே வந்து, அவர் முழங்காலில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

பாட்டில் மூடியில் தண்ணீர் ஊற்றி நீட்டினார். விடாமல் குடித்தது. சாப்பாட்டுப் பையைக் காலிசெய்து, அதற்குள் தன் துண்டை மெத்தை மாதிரி வைத்து, பறவையை உள்ளே விட்டு, காற்று போக ஜிப்பில் இடம் விட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு ஏணியில் இறங்கினார். அன்றைக்கு இறங்கியதுபோல நிதானமாக அவர் என்றைக்குமே இறங்கியதில்லை.

வீட்டின் முன்னறையில் மனைவி கார் சீட்டுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தாள். அவள் தம்பியும் இருந்தான். வீடு வீடாகத் தண்ணீர் வடிகட்டி விற்கிறவன், வாய் ஓயாதவன். வேலைக்கு நடுவில் அக்கா வீட்டில் வந்து உட்காராவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

"மாமா, இதுக்குப் பேரு காக்டெய்ல்" என்றான் மச்சினன்.

"அது குடிக்கிறதுல்ல?" என்றாள் மனைவி.

"காக்கட்டீல்க்கா. ஜனங்க வாயில அப்படி ஆயிடுச்சு. பாவம் அது, ஒரு சொட்டு தொட்டிருக்காது."

ரொட்டித் துண்டு வைத்தார்கள், சோறு வைத்தார்கள். பறவை எதையும் தொடவில்லை. உடம்பைப் பந்துபோல உப்பிக்கொண்டு கண்ணை மூடியது. மறுநாள் காலையில் அவர் பறவைக்கடை திறப்பதற்கு முன்பே போய் வாசலில் நின்றார்.

கடைக்காரம்மா வாட்டசாட்டமானவர். பறவைகளின் இரைச்சலை மீறிப் பேசியே தொண்டை கனத்துப்போனவர். கூண்டுகளில் ஜோடி ஜோடியாக லவ் பேர்ட்ஸ், சின்னச் சின்ன பிஞ்ச் குருவிகள், ஓரத்தில் தனியாக ஒரு கேனரி.

"பிஞ்சும் கேனரியும் கண்ணால பாக்குறதுக்கு. கையில பிடிச்சா பயந்தே செத்துடும். இந்த லவ் பேர்ட்ஸ் கொஞ்சினாலும் கொஞ்சும், கடிச்சாலும் கடிக்கும். நீங்க கொண்டாந்திருக்கீங்களே, இது மனுஷ வாசம் பழகினது. ஒருத்தர் நல்லா வளத்திருக்காங்க" என்றபடி பறவையைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். இடது காலில் பின்விரல் ஒன்றில் நகம் இல்லை. பழைய காயம், ஆறிப்போயிருந்தது. "நோட்டீஸ் ஒட்டுறதா இருந்தா இந்த நகத்தைப் பத்தி மட்டும் எழுதாதீங்க. சொந்தக்காரங்களுக்குத்தான் அது தெரியும்."

பிறகு மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனார். உயரமான கூண்டு வேண்டாம், அகலமானதாக வாங்க வேண்டும். பறவை பக்கவாட்டில்தான் பறக்கும், லிஃப்ட் மாதிரி மேலே போகாது. தினை முக்கியம், சூரியகாந்தி விதை கொஞ்சம்தான். அது மனுஷனுக்கு வறுவல் மாதிரி, கொடுத்தால் அதையே கேட்கும். கீரை, துருவிய கேரட், அலகைத் தீட்ட ஒரு கணவாய் மீன் ஓடு. சாக்லேட்டும் அவகாடோவும் விஷம். உட்காரும் குச்சி ஒரே பருமனாக இருந்தால் கால் புண்ணாகிவிடும். மரக்கிளையே வெட்டி வைக்கலாம். ராத்திரியில் கூண்டைத் துணியால் மூடும்போது ஒரு பக்கம் திறந்து விட வேண்டும். முழு இருட்டில் திடீரென்று மிரண்டு இறக்கையை உடைத்துக்கொள்ளும்.

"வீட்ல நான்ஸ்டிக் வாணலி இருக்கா?"

"இருக்கு."

"அடுப்புல காஞ்சு புகை வந்துச்சுன்னா நமக்கு ஒண்ணும் தெரியாது. இது பொத்துன்னு விழுந்துடும். அதைத் தூக்கி யாருக்காவது குடுத்துடுங்க. அப்புறம் இதோட இறகுலேருந்து மாவு மாதிரி தூள் கொட்டிக்கிட்டே இருக்கும். அப்பப்போ தண்ணி தெளிச்சுக் குளிப்பாட்டணும். ஜன்னலைத் திறந்து வீட்டைத் துடைச்சுக்கிட்டே இருக்கணும்."

வாணலியைப் பற்றி வீட்டில் பேச்செடுத்தபோது மனைவி தையல் மிஷினை நிறுத்தினாள். "முட்டை ஒட்டாம வர்ற ஒரே வாணலி. நேத்து வந்த பறவைக்காக அதை விட்டுக்கொடுக்கணுமா?" என்றாள். சொன்னாளே தவிர, சாயங்காலம் அதை அவளே செய்தித்தாளில் சுற்றித் தம்பியிடம் கொடுத்துவிட்டாள். தம்பி கேட்கக் காத்திருந்தவன்போல வாங்கிக்கொண்டான்.

பறவையைப் பழக்குவதற்கு அவருடைய கைதான் வாய்த்தது. கூண்டுப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். உள்ளங்கையில் தினையை வைத்து, கையை அங்குலம் அங்குலமாக உள்ளே கொண்டுபோவார். பறவை கொண்டையைத் தூக்கினால் நிறுத்திவிடுவார், தாழ்த்தினால் மறுபடி நகர்த்துவார். ஒரு வாரத்தில் அது அவர் மணிக்கட்டில் ஏறி, தோளுக்கு வந்து, சட்டைப் பட்டனைக் கடித்து எறிந்தது. மனைவி புதுப் பட்டன் தைத்தாள், அதையும் எறிந்தது. காலையில் துணியை விலக்கக் கொஞ்சம் தாமதமானால் வீடே அதிரக் கத்தும். மச்சினன் அதற்கு 'முதலாளி' என்று பெயர் வைத்தான்.

நோட்டீஸும் அவன்தான் அடித்தான். படத்தைப் போட்டு, தன் மாமாவின் போன் நம்பரையும் விலாசத்தையும் போட்டு, வடிகட்டி விற்கப் போகிற தெருக்களிலெல்லாம் ஒட்டினான். போன் பண்ணியவர்களில் பலரும் பச்சைக்கிளியைத் தொலைத்தவர்கள். ஒருத்தர் நேரில் வந்து, இது என்னுடையதேதான் என்று கண்கலங்கிச் சொன்னார். காலில் என்ன அடையாளம் என்று கேட்டதும் கண் காய்ந்துபோய், வேறு வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும் கிரேன்காரர் முதலில் கூண்டைத்தான் பார்த்தார். ஏன் என்று அவர் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

ஒரு லீவு நாள் காலையில் கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் வந்தார். ரிட்டயரான கணக்கு வாத்தியார் என்று சொன்னார். கூண்டைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, கேட்பதற்கு முன்பே, "இடது கால், பின்விரல். கதவு இடுக்குல மாட்டி நகம் போச்சு" என்றார்.

கிரேன்காரர் தலையாட்டினார். உள்ளே ஏதோ அறுந்து விழுந்த மாதிரி இருந்தது. "எடுத்துட்டுப் போங்க சார். கூண்டையும் எடுத்துக்குங்க."

"எடுத்துட்டுப் போக வரலை" என்றார் வாத்தியார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "இது பறந்து போகலை. நான்தான் ஜன்னலைத் திறந்து விட்டேன்."

மிஷின் சத்தம் நின்றது. மனைவி திரும்பிப் பார்த்தாள்.

"என் வீட்டுக்காரிக்கு நுரையீரல்ல கோளாறு. இதோட தூள்தான் காரணம்னு டாக்டர் சொல்லிட்டார். பறவையை வெளியேத்தலைன்னா மூச்சு விட மிஷின் வைக்க வேண்டியதாயிடும்னார். அவ கேக்கலை. பிள்ளை மாதிரி வளத்தவ. யாருக்காவது குடுத்துடலாம்னா சாப்பாட்டையே ஒதுக்கிடுறா. அவ குளிக்கப் போயிருந்தப்போ நான் திறந்து விட்டுட்டு, கொக்கி சரியா விழலை போலன்னு சொல்லிட்டேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நேத்து மருந்துக்கடையில உங்க நோட்டீஸைப் பாத்துட்டா. நாளைக்கு வர்றதா நிக்கிறா. நீங்க ஏதாவது சொல்லிடுங்க. செத்துப்போச்சு, வேற யாரோ வாங்கிட்டுப் போயிட்டாங்க, என்னமோ ஒண்ணு."

கிரேன்காரருக்கும் அந்தப் பறவை வேண்டியிருந்தது. அதனாலேயே அந்தப் பொய் வாயில் வர மறுத்தது.

"நான் அப்படிச் சொல்லமாட்டேன் சார். நீங்க ஜன்னலைத் திறந்ததையும் சொல்லமாட்டேன். அவங்க வரட்டும், பாக்கட்டும்."

"வந்தா எடுத்துட்டுப் போயிடுவா."

"அது அவங்க பறவை சார்."

வாத்தியார் எழுந்தார். போகும்போது கூண்டுப் பக்கம் நின்று, "பாரு, என்ன வேலை பண்ணி வெச்சிருக்கேன்னு" என்று பறவையிடமே சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தெருத் திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டு மனைவி சொன்னாள்: "கட்டின பொண்டாட்டி உசிர் போகுதேன்னு பண்ணியிருக்கார். அதுக்காகக் காத்துல தூக்கி எறியணுமா? நம்ம வீட்டு வாசல்ல கொண்டாந்து விட்டிருந்தாகூட வளத்திருப்போமே."

"நம்மள அவருக்கு அப்போ தெரியாதே" என்றார் அவர்.

மறுநாள் சாயங்காலம் அவர் வேலையிலிருந்து வந்த கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா வந்தார். ஒல்லி, வெள்ளை முடி, முகத்தில் இறுக்கமான முகக்கவசம். வாசலிலேயே நின்று, "தம்பி" என்று மெதுவாகக் கூப்பிட்டார். கிரேன்காரர் தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று "வாங்கம்மா" என்றார். ஆனால் கூண்டில் பறவை கொண்டையை விரித்து, கம்பிகளில் முட்டிக்கொண்டு, இத்தனை நாளில் இந்த வீட்டில் யாரும் கேட்டிராத ஒரு சீட்டியை நீளமாக அடித்தது. அதன் பெயர்தான் தம்பி.

அந்த அம்மா உள்ளே வரவில்லை. நாற்காலியை வாசலில் போடச் சொல்லிக் காற்று வருகிற பக்கமாக உட்கார்ந்துகொண்டார். கிரேன்காரர் பறவையைத் தோளில் வைத்துக் கொண்டுபோனார். அது அந்த அம்மாவின் மடியில் இறங்கி, தலையைக் குனிந்து பிடரியைக் காட்டியது. அவர் ஒரு விரலால் சொறிந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் இருமல் வந்தது. இருமி முடித்துவிட்டு மறுபடி சொறிந்தார்.

"கூண்டை எடுத்துட்டு வரட்டுமாம்மா?" என்றார் கிரேன்காரர்.

"வேணாம். உயிரோட இருக்கான்னு பாக்கத்தான் வந்தேன்." பறவையைப் பார்த்தபடியே பேசினார். "அவர் உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

கிரேன்காரர் தெருவைப் பார்த்தார். மனைவி நூலை எடுப்பதுபோல உள்ளே போனாள்.

"சொல்லியிருப்பார். சொல்லாட்டியும் பரவாயில்லை. அந்த ஜன்னல் கொக்கியைப் போட்டுட்டுத்தான் நான் குளிக்கப் போனேன். இவனுக்குக் கொக்கி எடுக்கத் தெரியாது." சிரித்தார், சிரிப்பு இருமலில் முடிந்தது. "அன்னிக்கே தெரியும். நான் கேட்டா அவர் உடைஞ்சு போயிடுவார். வாழ்க்கை முழுக்க ஒரு பொய் சொல்லத் தெரியாத மனுஷன். சொன்ன ஒரு பொய்யையும் என் முகத்தைப் பாக்காமலே சொன்னார். வீட்டுக்குப் போய், அது வேற பறவை, கன்னத்துப் பொட்டு மாறியிருக்குன்னு சொல்லிடுவேன். நீங்களும் அப்படியே சொல்லிடுங்க."

"ஏம்மா, உண்மையையே சொல்லிடலாமே. அவருக்கும் மனசு லேசாகும்."

"அவர் மனசு லேசாகுறதுக்கு நான் மன்னிச்சிருக்கணும்ல?" என்றார் அந்த அம்மா. "இன்னும் இல்லை."

அதற்குமேல் அவர் அதைப் பேசவில்லை. குளியல் காலையில்தான் பிடிக்கும், சாயங்காலம் தெளித்தால் கோபித்துக்கொள்வான். மக்காச்சோளத்தை உதிர்த்துப் போட்டால் தின்னமாட்டான், கதிரோடு வைக்க வேண்டும். கண்ணாடி வைத்தால் அதோடேயே பேசிக்கொண்டு மனுஷரை மறந்துவிடுவான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பிறகு பறவையைக் கிரேன்காரரின் மணிக்கட்டில் ஏற்றிவிட்டு எழுந்து நடந்தார். பறவை சீட்டியடித்தது. அவர் திரும்பவில்லை.

அன்று இருட்டுவதற்குள் வாத்தியார் போன் பண்ணினார். "வேற பறவைன்னு சொல்லிட்டா. பொட்டு மாறியிருக்காம்" என்றார். அவர் குரலில் இருந்தது நிம்மதியா வருத்தமா என்று சொல்ல முடியவில்லை. "அவளுக்குக் கண்ணு மங்கிட்டிருக்குன்னு நினைக்கிறேன்."

"சரி சார்" என்றார் கிரேன்காரர்.

பறவை அவர்களிடமே தங்கிவிட்டது. 'முதலாளி' என்ற பெயர் போய் 'தம்பி' ஆனது. இதில் மச்சினனுக்குக் கொஞ்சம் மனவருத்தம்; அக்கா வீட்டில் அதுவரை தம்பி என்றால் அவன்தான். அவர் வேலைக்குப் போனபின் பகலெல்லாம் அது தனியாகக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பதாக மனைவி சொன்னதால், துணைக்கு ஒரு பெண் பறவை வாங்கினார்கள். கடைக்காரம்மா சொன்னபடி புதியதை ஒரு மாதம் தனி அறையில் வைத்துவிட்டுத்தான் சேர்த்தார்கள். சேர்த்த அன்றே இரண்டும் சண்டை. மனைவிக்கு ஒரே சந்தோஷம். "இந்த வீட்ல இதுங்களாவது நல்லா சண்டை போடுதே" என்றாள்.

அந்த அம்மா அவ்வப்போது போன் பண்ணுவார். வாத்தியார் கடைக்குப் போகிற நேரமாகப் பார்த்துத்தான் பண்ணுவார். சாப்பிடுகிறானா, இறகு உதிர்க்கிறானா என்று கேட்பார். மூச்சு முன்பைவிடத் தேவலை என்று ஒருமுறை சொன்னார், அதைச் சொல்லவே பிடிக்காதவர்போல.

வாத்தியாரும் போன் பண்ணுவார், தெருவில் நடந்துகொண்டே. பின்னால் வண்டிச் சத்தம் கேட்கும். "ஒண்ணுமில்ல, சும்மாதான். அது நல்லா இருக்கா?" என்பார். "வீட்ல சொல்லிக்க வேணாம்" என்று ஒவ்வொரு முறையும் சேர்த்துக்கொள்வார்.

"ரெண்டு பேரும் ஒரு நாள் சேர்ந்து வந்து பாத்துட்டுப் போனா என்ன குறைஞ்சிடும்?" என்று மனைவி கேட்டாள்.

அவர் கேரட் துருவிக்கொண்டிருந்தார். "வருவாங்க" என்றார். பிறகு துருவுவதை நிறுத்தி, "வராமலும் போகலாம்" என்றார். இரண்டு பறவைகளும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தன.