ஸ்டீயரிங் கனம்

எஞ்சின் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். விறைப்பாகத்தான் இருந்தது. பாழாய்ப் போன பெல்ட், கொஞ்சம் தொய்ந்துதான் இருந்தால் என்னவாம்?

வீட்டுக் கூடத்தில் அப்பா கிடந்தார். வெளியே, கேட்டை அடைத்துக்கொண்டு அவருடைய ரொட்டி வண்டி நின்றது. பானெட்டைத் தூக்கி அதற்குள் தலையை விட்டுக்கொண்டிருந்த மகளை, துக்கத்துக்கு வந்தவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தபடி உள்ளே போனார்கள். பெற்றவன் செத்துக் கிடக்கிறான், இவளுக்கு இப்போது என்ன ரிப்பேர் வேண்டிக் கிடக்கிறது என்று வாய்விட்டுக் கேட்காததுதான் பாக்கி.

அதையும் அத்தை வந்து கேட்டுவிட்டாள். அப்பாவின் தங்கை. மனதில் ஒன்றை வைத்துக்கொள்ளத் தெரியாதவள்.

"ஏண்டி, உங்கப்பனை எடுக்கறதுக்குள்ள வண்டியை டெலிவரி குடுக்கணுமா? கையைக் கழுவிட்டு உள்ள வா. உங்கம்மா பித்துப் பிடிச்ச மாதிரி உக்காந்திருக்கா. ஒரு சொட்டுக் கண்ணீர் வரல."

"வர்றேன் அத்தை. நீங்க போங்க."

"என்னத்தை வர்றே!" அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டே போனாள்.

மகள் தெருமுனையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறாள். 'ஸ்பேனர்' என்று அவள் பட்டப்பேரைச் சொன்னால் அந்த வட்டாரத்தில் தெரியாதவர் கிடையாது. பானெட்டைத் திறக்காமலே, சத்தத்தைக் கேட்டுக் கோளாறைச் சொல்லிவிடுவாள் என்று பேர். அந்தப் பேர்தான் அவளுக்குச் சோறு போட்டது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, சும்மா சொல்லக்கூடாது.

அப்பா முதல் தடவை வந்தபோது வண்டி நிஜமாகவே முனகியது. ஸ்டீயரிங்கை ஒடித்தால் போதும், பவர் ஸ்டீயரிங் பம்ப் வயிற்றுவலிக்காரன் மாதிரி முனகும். திறந்து பார்த்தால் டப்பாவில் பாதி ஆயில்தான் இருந்தது. ஒரு ஹோஸ் மூட்டில் கசிவு. ஹோஸை மாற்றி, ஆயிலை நிரப்பி, முன்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பித் திருப்பி உள்ளே புகுந்த காற்றையெல்லாம் வெளியேற்றினாள். முனகல் நின்றது. அப்பா வருவது நிற்கவில்லை.

"இன்னும் கனக்குதும்மா."

"எப்படிக் கனக்குது?"

"எப்படின்னு என்னத்தைச் சொல்ல? ஒடிச்சா தோள்பட்டை வரைக்கும் பிடிச்சு இழுக்குது."

சரி, பம்புதான் தேய்ந்திருக்கும் என்று அதையே கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டினாள். அப்புறமும் வந்து நின்றார்.

"அப்பா, இதுக்கு மேல லேசாகணும்னா ஸ்டீயரிங்கை வாயால ஊதித்தான் திருப்பணும்" என்று சிரித்தாள். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இடது தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். அதை அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு, டயரில் காற்று கம்மியோ என்று குனிந்தாள்.

காய்ச்சல் என்றால்கூட 'லேசா வெயில் பட்டுடுச்சு' என்று சொல்கிற மனுஷன். தனக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு நாளும் அவர் வாயிலிருந்து வந்தது கிடையாது. வண்டிக்குச் சரியில்லை என்றுதான் சொல்வார். மகளுக்கு இது தெரியாமல் இருந்திருக்குமா?

நேற்றுக் காலை பேக்கரி வாசலில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஸ்டீயரிங்மேல் தலையைச் சாய்த்துக் கிடந்தார். மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது எல்லாம் முடிந்திருந்தது.

"கையில, தோள்ல வலின்னு முன்னாடியே சொல்லியிருப்பாரே?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லையே டாக்டர்" என்றாள் அம்மா. "ஸ்டீயரிங் கனம், அதுல வந்த பிடிப்புன்னு சொன்னாரு. நான்கூட ராத்திரி ராத்திரி தைலம் தேச்சு..."

பாதியில் நின்றுவிட்டாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அப்போதிருந்து அம்மா அழவில்லை, சாப்பிடவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். "அந்த ஸ்டீயரிங் கனம்தானே? நிஜமாவே கனம்தானே?"

ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் வண்டி விஷயத்தில் நிச்சயமாகத் தெரியாமல் ஒன்றைச் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. அதனால்தான் இப்போது பானெட்டுக்குள் தலை. கோளாறாக இருக்கட்டும், என் வேலை சொதப்பியிருக்கட்டும், புது பம்ப் மட்டமான சரக்காக இருக்கட்டும் என்று இருக்கிற எல்லாத் தெய்வங்களையும் வேண்டிக்கொண்டே தேடினாள். கனமான ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டித்தான் அந்தக் கை வலித்தது என்றால், அம்மா தேய்த்த தைலம் சரிதான். இல்லையென்றால்?

ஆயிலைத் தொட்டுப் பார்த்தாள். நுரை இல்லை, கருகல் வாடை இல்லை. ஹோஸில் ஈரம் இல்லை. டயரில் காற்று சரி. கடைசியாக பம்புக்கும் ஹோஸுக்கும் நடுவே பிரஷர் கேஜை மாட்டி, எஞ்சினைப் போட்டாள். கேஜின் வால்வை ஒரு நொடி அடைத்ததும் முள் விறுவிறுவென்று ஏறி, நல்ல பம்புக்கு எங்கே நிற்க வேண்டுமோ அங்கே போய் நின்றது. திறந்து, மறுபடி அடைத்தாள். மறுபடியும் அதே இடம். எஞ்சினை அணைத்தாள்.

தம்பி ஓடி வந்தான். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"அக்கா, அப்பாவை ஏத்த வண்டி வந்துடுச்சு. இதை எடு முதல்ல, கேட்டை மறிச்சுக்கிட்டு நிக்குது."

கேஜைக் கழற்றி, ஹோஸை முடுக்கி, சிந்திய அளவுக்கு ஆயில் ஊற்றினாள். அப்பாவின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். சீட்டு அவர் உடம்புக்குப் பள்ளம் விழுந்திருந்தது. எஞ்சினைப் போட்டு, காற்று போவதற்காக ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பினாள். ஒற்றை விரல். ஒற்றை விரலுக்கே அந்தச் சக்கரம் சொன்னபடி சுற்றியது. அவள் வேலையில் ஒரு குறையும் இல்லை. ஐயோ அப்பா, என்கிட்டதானே சொன்னீங்க, திரும்பத் திரும்ப என்கிட்டதானே வந்து சொன்னீங்க என்று நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டது.

நிமிர்ந்தபோது வாசற்படியில் அம்மா நின்றிருந்தாள். அத்தை தாங்கிப் பிடித்திருந்தாள். பின்னால் பேக்கரி முதலாளி, அவளிடமே ரிப்பேருக்கு வண்டி விடுகிற டாக்ஸிக்காரர்கள், தெரு முழுக்க ஜனம்.

"பாத்தியா?" என்றாள் அம்மா. "கனம்தானே?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"ஆமாம்மா" என்றாள். "கல்லு மாதிரி இருக்கு. நான்தான் சரியாப் பாக்கல."

"அத்தனை தடவை பாத்தியேக்கா!" தம்பியின் குரல் உடைந்தது. "ஊருக்கெல்லாம் பாக்கற. சொந்த அப்பனுக்குப் பாக்க முடியலையா?"

டாக்ஸிக்காரர் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்னொருவர் பக்கத்தில் நின்றவரின் காதில் ஏதோ சொன்னார்.

"கனமா இருந்திருக்குடி" என்று அத்தையின் தோளில் சாய்ந்தாள் அம்மா. "கை ஓஞ்சு போற வரைக்கும் அதோட மல்லுக்கட்டியிருக்காரே! அந்த வலிதான்... அந்த வலிக்குத்தான் நான் தேச்சு விட்டேன்..." பெரிதாக ஒரு விம்மல் கிளம்பி, நேற்றிலிருந்து அடைத்திருந்ததெல்லாம் அழுகையாகக் கொட்டியது. அழும்போதும் அம்மாவின் கண் மட்டும் வண்டியை விட்டு அகலவில்லை.

மகள் ரிவர்ஸ் கியரைப் போட்டாள். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். பல்லைக் கடித்து, தோள்பட்டை வரைக்கும் இழுத்து, மூச்சு வாங்க வாங்க, மெதுவாக அதைத் திருப்பினாள்.