தாடைக்குள் கால் எலும்பு

"ஹோர்ன் அடி மனே, அடிச்சுக்கொண்டே போ!"

ஜொய்சனின் ஓட்டோ கல்லடிப் பாலத்தில் சீறிக்கொண்டு ஏறியது. பின்னால் செசீலியா கணவன் மத்தேயுவின் இடது தாடையைத் துவாயால் அமத்திப் பிடித்திருந்தாள். துவாய் நனைந்துகொண்டே வந்தது. இரத்தம் என்றாலாவது பரவாயில்லை. இது சீழ்.

"ஹோர்ன் அடிச்சா முன்னால போற பஸ் பறக்குமா மாமி?" என்றான் ஜொய்சன், அவளுடைய அண்ணன் மகன்.

"அது பறக்காட்டி நீ பற!"

போன வருஷம் வாய்ப்புற்று என்று மத்தேயுவின் தாடை எலும்பில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். காலிலிருந்து எலும்பு எடுத்து அந்த இடத்தில் பொருத்தி, தகடு வைத்துத் திருகினார்கள். மனுசனின் கால் வாய்க்குள் இருக்கிறது என்பதை செசீலியாவால் இன்னும் முழுதாக நம்ப முடியவில்லை. ஆனாலும் காவல் காத்தாள். வாவியில் மீன் பிடித்துப் பிழைத்தவரின் தோணியை விற்றாள். சோற்றைக் கரைத்தாள், மீனை அரைத்தாள். நல்லாய்ப் பொருந்தி வருகிறது என்றுதான் போன தடவை சொன்னார்கள். அப்படியென்றால் இந்த வீக்கம் எங்கிருந்து வந்தது? திரும்பவும் அதுதானா? அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லப் பயந்து விழுங்கிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் முடிந்தது. டொக்டர் நிஸ்றா திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். தோலும் சதையும் இல்லாத மத்தேயுவின் தலை அங்கே மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. செசீலியா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"வெள்ளையாத் தெரியிறதா டொக்டர் கென்சர்?"

"இல்லம்மா, அது எலும்பு."

"அப்ப கறுப்பு?"

"அது வெறும் இடவெளி."

செசீலியாவுக்கு இரண்டையும் பார்க்கவே பயமாக இருந்தது.

"கென்சர் திரும்பி வந்த மாதிரி இதுல ஒண்டும் தெரியல்ல. ஆனா இஞ்ச பாருங்க." டொக்டரின் பேனை ஓரிடத்தில் நின்றது. "தகடு உடைஞ்சிரிக்கு. ஸ்குரூவும் கழண்டிரிக்கு. அதில கிருமி புடிச்சித்தான் சீழ். திரும்ப ஒப்பரேஷன் செய்யணும். வெச்ச எலும்பு தப்புமா எண்டு திறந்து பாத்தாத்தான் சொல்லலாம்."

முதல் வசனத்துக்குச் சிரிக்க வேண்டும், கடைசி வசனத்துக்கு அழ வேண்டும். செசீலியா இரண்டையும் தள்ளிவைத்தாள்.

"தகடு எப்புடி டொக்டர் உடையும்? இவர் குடிக்கிறது கஞ்சி!"

"கஞ்சிக்கு உடையாது. என்னத்தையோ பலமாக் கடிச்சி இழுத்திரிக்கார்."

"இரும்புக் கடையில விருந்தா மாமா?" என்றான் கதவோரம் நின்ற ஜொய்சன்.

"வாயப் பொத்துடா!" அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "இஞ்சருங்க, என்னத்தக் கடிச்சீங்க?"

மத்தேயு எழுந்தார். இடது முழங்கையை மடித்து, கண்ணுக்குத் தெரியாத எதையோ மடிப்பு மடிப்பாக அதில் தொங்கவிட்டார். வலது கையால் மிச்சத்தை அள்ளினார். ஜொய்சனின் சிரிப்பு நின்றது. மத்தேயு அதன் ஒரு விளிம்பைத் தூக்கி வாய்க்குக் கொண்டுபோய்ப் பல்லால் கவ்வினார். முழங்கால் அளவு தண்ணீரில் நிற்பவர்போல் கால்களை அகட்டி, இடுப்பைத் திருப்பி, இரண்டு கைகளையும் விசிறினார்.

வீச்சுவலை.

"கோயிலுக்கு, காலைப் பூசைக்கெண்டுதானே ஒவ்வொரு நாளும் போனீங்க? அப்ப வாவிக்கா?" செசீலியாவின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

விரிந்த கைகள் அப்படியே நின்றன. வாய் மட்டும் இன்னும் கவ்வியபடி இருந்தது. அவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துத்தான் அதைத் திறந்தார்.

"எறியக்குள்ள பல்லில இரிக்கிற வலைய விட்டிரணும்." சொற்கள் கசங்கி வந்தன. "வெட்டினதில இருந்து உதடு மரத்துப் போச்சு புள்ள. விட்டனா, இல்லையா எண்டு... எனக்குத் தெரியிறல்ல."